‘கெமிஸ்ட்’ என்றால் மருந்துக் கடையா?

பெண் பார்க்க வந்த இடத்தில் நடக்கும் சம்பாஷணை ஒன்றைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்.

“பெண் என்ன உத்தியோகம் பார்க்கிறாள்?”

“மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட்டாக இருக்கிறாள்.”

“அடடே, மருந்துக் கடையா! ரொம்ப நல்லதாய்ப் போயிற்று. எங்கள் அம்மாவுக்கு மாதா மாதம் பிளட் பிரஷர் மாத்திரை வாங்கியே கை சலித்துவிட்டது!”

சிரிக்காதீர்கள், சகோதரிகளே! நம் ஊரில் ‘கெமிஸ்ட்’ என்றால், தெருமுனையில் பலகை மாட்டி, கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் நின்று மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவர் என்றுதான் அர்த்தமாகிவிட்டது. அந்த மாத்திரைக்குள் இருக்கும் சரக்கை முதன் முதலில் உலகத்தில் உண்டாக்கியவர் ஒருவர் இருப்பாரே, அவரும் கெமிஸ்ட்தான். அவருடைய உத்தியோகத்துக்கு நம் வீடுகளில் இன்னும் ஒரு பெயர்கூடக் கிடையாது. டாக்டர் என்றால் தெரியும், என்ஜினீயர் என்றால் தெரியும். “சிறுசேரிக்குப் போகிறாள்” என்று சொன்னால் போதும், கம்ப்யூட்டர் வேலை என்று எல்லோரும் புரிந்து கொள்கிறார்கள். “மருந்து கண்டுபிடிக்கிறாள்” என்று சொன்னால் மட்டும், “அப்படியா, என்ன மருந்து?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். பாவம், அவளிடம் பதில் இருப்பதில்லை! ஏன் இருப்பதில்லை என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். பிளஸ் டூ முடித்த பெண் “நான் கெமிஸ்ட்ரி எடுக்கிறேன்” என்று நிற்கும் வீடுகளில், அம்மா அப்பா இருவரும் சேர்ந்து இதைப் படித்தால் நல்லது.

சிறுசேரிக்குக் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும் அதே பழைய மகாபலிபுரம் சாலையில் அப்படியே தெற்கே வாருங்கள். கேளம்பாக்கம் தாண்டி, முருகன் கோயில் கொண்ட திருப்போரூரும் தாண்டினால் ஆலத்தூர் வரும். 2019-ல் பிரிந்த புதிய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊரில் ஒரு மருந்துத் தொழிற்பேட்டை உண்டு. ராகவேந்திர ராவ் என்பவர் 1992-ம் வருஷம் தொடங்கிய ஆர்க்கிட் என்ற கம்பெனியின் தொழிற்சாலை அங்கேதான் எழுந்தது. ‘செபலோஸ்போரின்’ என்ற வகை ஆண்டிபயாடிக் மருந்துகளைத் தயாரித்து வெளிநாடுகளுக்கு அனுப்புவது அதன் முக்கியத் தொழில். இதே சாலையில் சோழிங்கநல்லூரில் அந்தக் கம்பெனி ஓர் ஆராய்ச்சி நிலையத்தையும் நடத்தியது.

மருந்து தயாரிப்பது வேறு, கண்டுபிடிப்பது வேறு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பிறர் கண்டுபிடித்த மருந்தை மலிவாகவும் சுத்தமாகவும் தயாரிப்பதில் நம் தேசம் சாமர்த்தியசாலி என்று பெயர் வாங்கியிருக்கிறது. புத்தம் புதிதாக ஒரு மருந்துப் பொருளை நாமே கண்டுபிடித்து, உலகம் ஒப்புக் கொள்ளும்படி செய்தது மிகவும் அபூர்வம். ஆர்க்கிட் கம்பெனியின் ரசாயன நிபுணர்கள் அதைத்தான் செய்தார்கள். அவர்கள் உண்டாக்கிய பொருளின் பெயர் ‘என்மெட்டாசோபாக்டம்’. ஒரே மூச்சில் சொல்ல வரவில்லை என்றால் பாதகமில்லை. அது என்ன வேலை செய்கிறது என்பதுதான் முக்கியம். அந்த வேலையோ பெண்களுக்கு நெருங்கிய சம்பந்தம் உள்ளது.

சிறுநீர்ப் பாதையில் கிருமி பற்றிக்கொள்ளும் தொந்தரவு ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முன்பெல்லாம் டாக்டர் எழுதித் தரும் மாத்திரையில் நாலைந்து நாளில் சரியாகிவிடும். இப்போதோ சிலருக்கு எந்த மாத்திரைக்கும் அசையாமல், சிறுநீரகம் வரை ஏறி, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடுகிறது. காரணம், கிருமிகள் பாடம் கற்றுக்கொண்டுவிட்டன.

பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் எல்லாவற்றுக்கும் உள்ளே நான்கு அணுக்களால் ஆன ஒரு குட்டி வளையம் உண்டு. செபலோஸ்போரினிலும் அது இருக்கிறது. அந்த வளையம்தான் மருந்தின் உயிர். கிருமி தன்னைச் சுற்றிச் சுவர் கட்டிக் கொள்ளாதபடி தடுப்பது அதுவே. கிருமியோ ஒரு கத்தரிக்கோலைச் செய்து வைத்துக்கொண்டு அந்த வளையத்தை வெட்டிவிடுகிறது. இந்தக் கத்தரிக்கோல் ஓர் என்ஸைம். அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டது 1928-ல். அது நோயாளிகளுக்குப் பரவலாகக் கிடைப்பதற்கு முன்பே, 1940-ல், ஆபிரகாம், செயின் என்ற இரு விஞ்ஞானிகள் இந்தக் கத்தரிக்கோல் என்ஸைமைக் கண்டுவிட்டார்கள். மருந்து பந்திக்கு வருவதற்கு முன்பே எதிரி இலை போட்டு உட்கார்ந்திருந்தான் என்று சொல்லலாம்!

சரி, கத்தரிக்கோலை மழுங்கடித்துவிட்டால்? அதற்கென்றே துணை மருந்துகள் வந்தன. அவை தாங்களாகக் கிருமியைக் கொல்வதற்கு வந்தவை அல்ல. கத்தரிக்கோலின் வாயில் போய்ச் சிக்கிக்கொண்டு, பெரிய மருந்தைக் காப்பாற்றுவதே அவற்றின் வேலை. ‘டாசோபாக்டம்’ என்பது அப்படி ஒன்று. 1993-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இது, நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் தினசரி உபயோகத்தில் இருக்கிறது. ஆனால் கிருமிகள் சும்மா இருக்குமா? இன்னும் கூரான கத்தரிக்கோல்களைச் செய்து கொண்டன.

இந்த இடத்தில்தான் நம் ரசாயன நிபுணரின் வேலை ஆரம்பமாகிறது.

டாசோபாக்டத்தின் உருவத்தை எடுத்துக்கொண்டு, அதன் ஒரு மூலையில் மிகச் சிறிய ஒரு பொருளை ஒட்டினார்கள். ஒரு கார்பன் அணு, அதைச் சுற்றி மூன்று ஹைட்ரஜன் அணுக்கள், அவ்வளவுதான். காலேஜில் கெமிஸ்ட்ரி படித்தவர்கள் இதை ‘மெத்தில்’ என்று அறிவார்கள். இதைவிடச் சின்ன ஒட்டு வேலை செய்வது கஷ்டம். அதனால் விளைந்த மாறுதலைக் கேளுங்கள். பழைய பொருளில் ஒரு மூலையில் கழித்தல் மின்சாரம் மட்டுமே இருந்தது. மெத்திலை ஒட்டியதும் இன்னொரு மூலையில் கூட்டல் மின்சாரம் வந்து சேர்ந்தது. கூட்டலும் கழித்தலும் சேர்ந்து மொத்தத்தில் பூஜ்யமாகிவிட்டது. இந்தச் சமநிலை வந்ததும் கிருமியின் வெளிச்சுவரிலுள்ள நுண்ணிய வாசல்களில் அது சுலபமாக நுழைய முடிந்தது. கத்தரிக்கோல் இருக்கும் இடத்துக்கே போய்விட்டது!

சமையல் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. ரசத்துக்குக் கடைசியில் விடும் ஒரு சிட்டிகைப் பெருங்காயம் செய்யும் வேலை நமக்குத் தெரியாததா? ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பெருங்காயம் போட வேண்டும் என்று பாட்டி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். மெத்திலை எங்கே ஒட்டுவது என்று சொல்லித் தர அங்கே பாட்டி கிடையாது. ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வொன்றை ஒட்டிப் பார்க்க வேண்டும். இப்படி நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில், பொருள்களைச் செய்து பார்த்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஆய்வுக்கூடத்தில் அவளுடைய ஒரு நாளைச் சொல்கிறேன். கனத்த கோட்டு, கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்கிறாள். உருண்டைக் குடுவைக்குள் இரண்டு பொருள்கள் கலந்து சுழன்று கொண்டிருக்கின்றன. மணிக்கொரு தரம் ஒரு சொட்டு எடுத்து, விரல் அகலத் தகட்டில் புள்ளி வைத்து, பழைய பொருள் தீர்ந்து புதியது உண்டாகிறதா என்று பார்க்கிறாள். உண்டானதும், சிலிக்கா மாவு நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாய் வழியாக அதை மெதுவாக இறக்கி, வேண்டியதையும் வேண்டாததையும் பிரிக்கிறாள். கடைசியில் மிஞ்சுவது ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள். நினைத்த பொருள்தானா என்று இயந்திரத்தில் வைத்து நிச்சயம் செய்து கொண்டு, உயிரியல் பகுதிக்கு அனுப்பி வைக்கிறாள். சில நாள் கழித்து அங்கிருந்து பதில் வருகிறது: பலனில்லை!

அப்புறம்? மறுபடியும் குடுவை. இந்தத் தடவை வேறு மூலை.

பலன் இருந்துவிட்டால் அப்போதுதான் நிஜமான தலைவலி. கிருமியைக் கொல்லும் பலத்தைக் கூட்டினால் தண்ணீரில் கரைய மாட்டேன் என்கிறது. கரைய வைத்தால் உடம்பை விட்டு உடனே வெளியேறிவிடுகிறது. அதையும் சரி செய்தால் கல்லீரலுக்கு ஆகவில்லை. உப்பைக் குறைத்தால் புளி தூக்கும், புளியைக் குறைத்தால் காரம் தூக்கும் என்ற கதைதான். குடுவை பிடிக்கும் கை மட்டும் இருந்தால் போதாது. ‘அடுத்து எதைச் செய்து பார்ப்பது?’ என்று தீர்மானிக்கும் தலை வேண்டும். அந்தத் தலைக்குத்தான் ‘மருந்து ரசாயன நிபுணர்’ என்று பெயர்.

இப்போது காலக் கணக்கைப் பாருங்கள். ஆர்க்கிட் கம்பெனியின் இந்தப் பொருளுக்கு 2010-ம் வருஷமே அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்துவிட்டது. 2013-ல் ஐரோப்பாவில் அல்லெக்ரா என்ற சிறிய கம்பெனி அதை மேற்கொண்டு வளர்க்க எடுத்துக்கொண்டது. மிருகங்களிடம் சோதனை, பிறகு ஆரோக்கியமான மனிதர்களிடம் சோதனை, பிறகு சில நோயாளிகளிடம் என்று படிப்படியாக ஏறி, 2018-ல் கடைசிப் பெரிய சோதனை தொடங்கியது. சிறுநீர்ப் பாதையில் கடுமையாகக் கிருமி தாக்கிய 1,041 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் புதிய மருந்தும் ‘செபெபிம்’ என்ற செபலோஸ்போரினும் சேர்ந்த ஊசி. மற்றப் பிரிவுக்குப் பழைய டாசோபாக்டம் சேர்ந்த ஊசி. முடிவு 2022-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. கணக்கில் எடுத்துக் கொள்ளப்பட்டவர்களில், நோயும் குணமாகிக் கிருமியும் ஒழிந்தவர்கள் புதிய மருந்தில் நூற்றுக்கு 79.1 பேர், பழைய மருந்தில் 58.9 பேர்.

2024 பிப்ரவரி 22-ம் தேதி அமெரிக்க அரசாங்கத்தின் மருந்து இலாகா அனுமதி வழங்கிற்று. அடுத்த மாதமே ஐரோப்பாவும் அனுமதித்தது. அதே வருஷத்தில் நம் தேசத்திலும் மருந்து விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்டு அமெரிக்க அனுமதி பெற்ற முதல் புது மருந்துப் பொருள் இதுதான் என்று சொல்கிறார்கள். 2 கிராம் செபெபிமுடன் அரை கிராம் புதிய பொருள் சேர்த்து, எட்டு மணிக்கொரு தரம் நரம்பு வழியாக ஏற்ற வேண்டிய ஆஸ்பத்திரி மருந்து இது. வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளும் சமாசாரமல்ல.

காப்புரிமையிலிருந்து அனுமதி வரை பதினான்கு வருஷம்! அதற்கு முன்னால் குடுவையோடு கழிந்த வருஷங்கள் தனி. இருபத்தைந்து வயதில் ஆய்வுக்கூடத்தில் நுழைந்த பெண், மருந்து வெளிவரும்போது நாற்பதைத் தாண்டியிருப்பாள். அவளுடைய குழந்தை ஹைஸ்கூலில் படித்துக் கொண்டிருக்கும்.

இதைவிடச் சங்கடமான இன்னொரு விஷயமும் இதில் உண்டு. அந்தப் பதினான்கு வருஷத்துக்குள் ஆர்க்கிட் கம்பெனியே கடன் சுமையில் நொடித்துவிட்டது. 2017-ல் திவால் நடவடிக்கைக்கு உள்ளாகி, 2020-ல் வட இந்தியாவின் தனுகா லேபரட்டரீஸ் கைக்கு மாறியது. பொருள் பிழைத்தது, வீடு கை மாறியது. மருந்து அனுமதி பெற்ற நாளில் யார் கொண்டாடினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். காப்புரிமைப் பத்திரத்தில் கண்டுபிடித்தவர்களின் பெயர்கள் அச்சாகியிருக்கும். ஆஸ்பத்திரியில் தொங்கும் மருந்துக் குப்பியில் கம்பெனியின் பெயர்தான் இருக்கும். குணமாகி வீடு திரும்பும் அம்மாள் டாக்டருக்கு நன்றி சொல்லுவாள், நர்ஸுக்கு நன்றி சொல்லுவாள், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பாள். மெத்திலை ஒட்டியவர்களை அவளுக்குத் தெரியாது. அவர்களுக்கும் அவளைத் தெரியாது.

இத்தனைக்கும் இது வெற்றிக் கதை! மனிதர்களிடம் சோதனை செய்யும் கட்டம் வரை போன மருந்துகளிலேயே பத்தில் ஒன்பது கடைசி வரை வந்து சேருவதில்லை. முப்பது வருஷம் நன்றாக வேலை செய்து, ஒரு மருந்துகூடக் கடைக்கு வராமல் ஓய்வு பெறும் கெட்டிக்கார நிபுணர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். “என்ன மருந்து கண்டுபிடித்தாய்?” என்ற கேள்விக்கு நம் பெண்ணிடம் பதில் இருப்பதில்லை என்று சொன்னேனே, அதன் காரணம் இதுதான். அது அவளுடைய தோல்வி அல்ல. அந்தத் தொழிலின் சுபாவம்.

“அப்படியானால் இந்தப் படிப்பே வேண்டாம்” என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒருவர் நம் சென்னையில் படித்தவர். பீமவரத்தில் 1895-ல் பிறந்து, திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலிலும், பிரஸிடென்ஸி கல்லூரியிலும், சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். பிற்பாடு அமெரிக்காவில் லெடர்லி கம்பெனியின் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தார். 1948-ல் காலமானார். அவருடைய கூட்டத்தார் கொண்டு வந்த மருந்துகளில் ஒன்று யானைக்கால் நோய்க்கானது. நம் தமிழ்நாட்டிலும் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாக வந்து கொடுத்த மாத்திரை அதுதான். புற்று நோய்க்கும் முடக்கு வாதத்துக்கும் இன்றும் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்ஸேட்டும் அந்தப் பட்டறையில் பிறந்ததே. அவர் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. மருந்து இன்னும் வேலை பார்த்துக் கொண்டிருக்கிறது.

இன்னொருவர் நியூயார்க்கில் பிறந்த பெண்மணி, கெர்ட்ரூட் எலியன். 1937-ல் பட்டம் வாங்கியதும் ஆய்வுக்கூடம் ஆய்வுக்கூடமாக ஏறி இறங்கினார். பெண்ணுக்கு வேலை கொடுக்க ஆளில்லை. கொஞ்ச காலம் மளிகைக் கம்பெனி ஒன்றில் ஊறுகாயின் புளிப்பைச் சோதிக்கும் வேலை பார்த்தார்! உலக யுத்தத்தில் ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, 1944-ல் பரோஸ் வெல்கம் என்ற மருந்துக் கம்பெனியில் இடம் கிடைத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்று நோய்க்கு மருந்து, மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கு உடம்பு அதை ஏற்க உதவும் மருந்து, அக்கிக்கு மருந்து என்று அவர் பங்கு கொண்டவை பல. பிஎச்.டி. பட்டத்தைப் படித்து முடிக்க அவருக்கு வாய்க்கவே இல்லை. 1988-ல் நோபல் பரிசு வாய்த்தது. நம் தேசத்திலும் கல்கத்தாவில் அசிமா சட்டர்ஜி என்ற அம்மையார், 1944-லேயே ரசாயனத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, மூலிகைகளிலிருந்து மருந்துப் பொருள்களைப் பிரித்து ஆராய்ந்து பெயர் பெற்றார். ஆகவே இது பெண்களுக்கு ஒவ்வாத வேலை என்ற பேச்சுக்கே இடமில்லை.

இனி வீட்டு விஷயத்துக்கு வருவோம். உங்கள் பெண் இதில் இறங்க என்ன செய்ய வேண்டும்?

வழி இரண்டு. பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. என்று கெமிஸ்ட்ரியில் போவது ஒன்று. பி.பார்ம். படித்து, எம்.பார்மில் மருந்து ரசாயனத்தை எடுப்பது மற்றொன்று. கரிமப் பொருள்களைக் கட்டும் வித்தையில் ஆழமாகப் போக நினைப்பவர்களுக்கு முதல் வழி. உடம்புக்குள் மருந்து நடக்கும் விதத்தையும் சேர்த்துப் படிக்க விரும்புகிறவர்களுக்கு இரண்டாவது. மருந்தியலுக்கென்றே மத்திய அரசாங்கம் நடத்தும் ‘நைபர்’ கல்வி நிலையங்கள் மொகாலி, ஹைதராபாத் முதலிய ஊர்களில் இருக்கின்றன. லக்னோவில் 1951-ல் தொடங்கிய மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பிஎச்.டி. ஆராய்ச்சிக்கு உதவித் தொகை தரும் தேசியத் தேர்வுகளும் உண்டு. வேலை பெரும்பாலும் ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் இருக்கிறது. பெண்ணை வெளியூர் அனுப்ப மனம் துணிய வேண்டும்.

ஒரு சூட்சுமத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் தேசத்தில் இந்தத் துறையில் இருக்கும் வேலைகளில் கணிசமானவை ஒப்பந்த வேலைகள். வெளிநாட்டுக் கம்பெனி, “இந்தப் பொருளை இத்தனை கிராம் செய்து அனுப்பு” என்று எழுதும். இங்கே செய்து அனுப்புவார்கள். அது எந்த நோய்க்கு என்றுகூடச் சில சமயம் குடுவை பிடிப்பவருக்குத் தெரியாது. கை தேறுவதற்கு இது அருமையான பள்ளிக்கூடம். ஆனால் கை மட்டும் தேறினால் போதுமா? ‘அடுத்து எதைச் செய்வது?’ என்று தீர்மானிக்கும் நாற்காலிக்கு வர வேண்டுமானால், பெரும்பாலும் பிஎச்.டி.யும் அதற்குப் பிறகு சில வருஷப் பழக்கமும் வேண்டியிருக்கிறது. அதாவது முப்பது வயது வரை உதவித் தொகையில் காலம் தள்ள வேண்டும். கூடப் படித்த சிநேகிதி சிறுசேரி பஸ்ஸில் ஏறி, பிளாட் வாங்கி, கிரகப்பிரவேசப் பத்திரிகை அனுப்புவாள். அந்தப் பத்திரிகையைப் பார்த்து நாம் பெருமூச்சு விடக் கூடாது! “இருபத்து நாலு ஆயிற்று, படிப்பு போதும்” என்று நடுவில் கயிற்றை இழுத்துவிட்டால், அவள் தன் காலம் முழுவதும் பிறர் எழுதி அனுப்பும் பொருளைச் செய்து கொடுக்கும் கையாகவே நின்றுவிட நேரும். கல்யாணத்தைப் பேசும்போதே படிப்பையும் சேர்த்துப் பேசி முடிவு செய்வதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொன்று, ஆய்வுக்கூடத்தில் புழங்கும் திராவகங்களும் கரைப்பான்களும் விளையாட்டுச் சாமான்கள் அல்ல. கர்ப்பிணிகளுக்கு ஆகாதவை அவற்றில் உண்டு. “நாள் தள்ளியிருக்கிறது” என்று தெரிந்தவுடனே மேலதிகாரியிடம் சொல்லி, சில மாதம் எழுத்து வேலைக்கோ கணக்கு வேலைக்கோ மாறிக் கொள்ள வேண்டும். கூச்சப்பட்டு மறைக்கிற விஷயமில்லை இது. அதைக் கேட்டு ஆவன செய்கிற இடமாகப் பார்த்துச் சேருவது அவசியம்.

“எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே செய்துவிடும் என்கிறார்களே?” என்று கேட்பீர்கள். வாஸ்தவம்தான். புரதங்களின் உருவத்தைக் கம்ப்யூட்டரால் கணித்த விஞ்ஞானிகளுக்கு 2024-ல் ரசாயன நோபல் பரிசே கொடுத்தார்கள். எந்த மூலையில் எதை ஒட்டலாம் என்று யோசனை சொல்ல இன்று அது உதவுகிறது. ஆனால் யோசனை சொன்ன பொருளை யாராவது செய்து பார்க்க வேண்டுமே! செய்து பார்த்தால்தான் தெரியும், கரையுமா, தங்குமா, கல்லீரலுக்கு ஆகுமா என்று. கணக்குப் போடும் சிறுசேரியும், குடுவை பிடிக்கும் ஆலத்தூரும் ஒரே சாலையில் இருப்பது எனக்கு நல்ல சகுனமாகவே படுகிறது. இரண்டும் தெரிந்த பெண்ணுக்கு இனி மவுசு அதிகம்.

இந்த உழைப்பெல்லாம் வீணாகாமல் பார்த்துக் கொள்ளும் பொறுப்பில் நமக்கும் பங்கு உண்டு. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019-ல் மட்டும் உலகெங்கும் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஜலதோஷத்துக்கு ஆண்டிபயாடிக் கேளாதீர்கள். அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். பக்கத்து வீட்டில் மிஞ்சியதை வாங்கிப் போட்டுக் கொள்ளாதீர்கள். டாக்டர் சொன்ன நாள் வரை விடாமல் சாப்பிடுங்கள். ஒரு மெத்திலை ஒட்டிக் கொண்டு வந்து சேர்க்கப் பதினான்கு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நாம் அஜாக்கிரதையாக இருந்தால், கிருமி அதற்கும் ஒரு புதுக் கத்தரிக்கோலைச் செய்துகொள்ள அத்தனை காலம் பிடிக்காது.

கடைசியாக, பெண்ணின் மனத்தை அறிய ஒரு வழி. “உனக்குக் கெமிஸ்ட்ரி பிடிக்குமா?” என்று கேட்காதீர்கள். பரீட்சையில் மார்க் வாங்கிய எல்லோருக்கும் பிடிக்கும். அவள் கோலம் போடும்போதோ, ஸ்வெட்டர் பின்னும்போதோ, மைசூர்பாகு கிளறும்போதோ கவனியுங்கள். பத்துத் தரம் பாழாகியும், “அம்மா, இந்தத் தடவை எங்கே தப்பு என்று தெரிந்துவிட்டது!” என்று பதினோராம் தரம் உட்காருகிறாளா? பாழானதைத் தூக்கிப் போடுவதற்கு முன் எங்கே பிசகிற்று என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிறாளா? யாரும் பாராட்டாவிட்டாலும் அவளுக்கு உற்சாகம் குறையாமல் இருக்கிறதா?

அப்படியானால் யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள். அவள் கண்டுபிடித்த மருந்து கடைக்கு வரலாம், வராமலும் போகலாம். ஆனால் ஆயிரம் பேர் செய்து பார்த்து வேண்டாம் என்று ஒதுக்கியவற்றின் மேல் ஏறி நின்றுதான் அந்த ஒரு மருந்து நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. ஒதுக்க வேண்டியதை ஒழுங்காக ஒதுக்கி வைத்தவளுக்கும் அதில் பங்கு உண்டு. அவள் வீட்டில் இருப்பவர்களாவது அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?